காசனோவா படத்தைப் பார்த்துச் சிரித்தது தப்பா?

2005-இல் வந்த ‘காசனோவா’ படத்தை மனைவியோடு வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்திருக்கிறீர்கள். அப்புறம் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தால், ஒருவர் அதைப் பொக்கிஷம் என்கிறார், இன்னொருவர் வரலாற்றையே கொன்றுவிட்டார்கள் என்கிறார், மூன்றாமவர் பெண்களை மயக்கியவன் கதையில் மயக்கமே இல்லையே என்று சலித்துக்கொள்கிறார். யார் சொல்வது சரி, பத்தாவது படிக்கும் மகளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. ‘விஷயம் தெரியாததால்தான் எனக்குப் பிடித்ததா?’ என்பதுதான் அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. உங்கள் சிரிப்பு நியாயமான சிரிப்பு. திட்டியவர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே படத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் 26 ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவள். கல்லூரியின் திரைப்பட மன்றத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மாதம் ஒரு படம் போடுவோம். முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் நாலு வரி எழுதச் சொல்வேன். பாராட்டோ திட்டோ, மனதில் பட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான். 2009-இல் முதுகலை மாணவிகளுக்கு இந்தப் படத்தைப் போட்டோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதில் காசனோவாவாக நடித்த ஹீத் லெட்ஜர் இறந்திருந்தார், ‘தி டார்க் நைட்’ படத்தில் அவர் போட்ட ஜோக்கர் வேடம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த நடிகரின் வேறு படம் ஏதாவது போடுங்கள் என்று கேட்டு வந்தவர்களுக்குத்தான் இதைக் காட்டினேன். அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். நான் சொல்லப்போவதில் பாதி வரலாறு, பாதி அந்தச் சீட்டுகள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இத்தாலிய மொழியும் பிரெஞ்சும் தெரியாது. காசனோவாவின் தன்வரலாற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். என் சீட்டுகளும் ஒரு கல்லூரியின் ஒரு மாலை நேரத்துக் கருத்துகள்தான். உலகத்தின் தீர்ப்பு இல்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். ஜாகோமோ காசனோவா கற்பனைப் பாத்திரம் இல்லை. 1725 ஏப்ரல் 2 அன்று வெனிஸில் பிறந்தவர், 1798-இல் பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசு) டுக்ஸ் என்ற ஊரில், ஒரு பிரபுவின் கோட்டையில் நூலகராக இருந்து இறந்தவர். பெற்றோர் இருவரும் நாடக நடிகர்கள். பதுவாவில் சட்டம் படித்தார். பாதிரியார் ஆகப் பார்த்தார், வயலின் வாசித்தார், சூதாடினார், பாரிஸில் அரசு லாட்டரி தொடங்க உதவினார், ஒற்றராகவும் இருந்தார். வயதான காலத்தில் பிரெஞ்சில் எழுதிய தன்வரலாறு கையெழுத்துப் பிரதியாக 3,700 பக்கங்களுக்குக் குறையாது. அந்தப் பிரதியை 2010-இல் பிரான்சின் தேசிய நூலகம் வாங்கியது. விலை 70 லட்சம் யூரோவுக்கு மேல் என்று செய்தி வந்தது. வெறும் படுக்கையறைக் கதையாக இருந்திருந்தால் ஒரு நாட்டின் நூலகம் அந்த விலை கொடுத்திருக்காது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பயணம் போனார்கள், எப்படி ஏமாற்றினார்கள், கடன்காரனிடமிருந்து எப்படித் தப்பினார்கள் என்பதற்கெல்லாம் அது பெரிய ஆவணம்.

அந்தத் தன்வரலாறு எவ்வளவு உண்மை? இங்கேதான் சந்தேகத்தின் எல்லை தொடங்குகிறது. ஊர்கள், ஆண்டுகள், சந்தித்த மனிதர்கள் ஆகியவற்றை ஆய்வாளர்கள் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டதில் வியக்கும் அளவுக்குப் பொருந்தி வந்திருக்கின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, நினைவிலிருந்து எழுதிய உரையாடல்களை யாராலும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு காதலிலும் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது நமக்குப் பெரும்பாலும் அவர் வாயால் மட்டுமே தெரிகிறது. அதனால் ‘படம் உண்மைக் காசனோவாவைக் காட்டவில்லை’ என்று யாராவது சொன்னால், எந்த உண்மைக் காசனோவா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன காசனோவா ஏற்கெனவே ஓரளவு நாடகப் பாத்திரம்தான்.

சரி, படத்துக்கு வருவோம். இயக்குநர் லாஸே ஹால்ஸ்ட்ராம். கதை 1753-இல் நடக்கிறது. காசனோவாவை வெனிஸின் தலைவரான டோஜ் எச்சரிக்கிறார்: கார்னிவல் என்ற முகமூடித் திருவிழா முடிவதற்குள் மரியாதையான இடத்தில் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் உன்னைக் காப்பாற்ற முடியாது. விக்டோரியா என்ற பெண்ணை நிச்சயம் செய்கிறான். அவளையே காதலிக்கும் ஜியோவானி என்ற இளைஞன் இவனை வாள் சண்டைக்கு அழைக்கிறான். அந்த இளைஞனின் அக்கா பிரான்செஸ்கா, ஆண் பெயரில் பெண்ணுரிமை எழுதுபவள். காசனோவா உண்மையாகவே மனதைக் கொடுப்பது அவளிடம். அவளோ ஜெனோவாவின் பன்றிக்கொழுப்பு வியாபாரி பாப்ரிட்ஸியோவுக்கு, முகம் பார்க்காமலே நிச்சயிக்கப்பட்டவள். உடனே இவன் ‘நான்தான் பாப்ரிட்ஸியோ’ என்று வேடம் போடுகிறான். உண்மையான பாப்ரிட்ஸியோ ஒருபக்கம் வந்து நிற்க, இன்னொருபக்கம் காசனோவாவைப் பிடிக்க ரோமிலிருந்து மதக் குற்றங்களை விசாரிக்கும் புச்சி என்ற ஆயர் வருகிறார். யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாத குழப்பத்தில் படம் ஓடுகிறது.

இதில் வரலாற்றுப் பிழைகள் இருக்கின்றன, எண்ணிச் சொல்லலாம். காசனோவாவும் பிரான்செஸ்காவும் வெனிஸுக்கு மேலே பலூனில் பறக்கிறார்கள். பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் மேலே போனது 1783-இல்தான். படத்துக்கும் அதற்கும் 30 ஆண்டு இடைவெளி. காசனோவாவைச் சிறையில் போட்டது ரோமிலிருந்து வந்த ஆயரும் இல்லை. தனிக் குடியரசாக இருந்த வெனிஸுக்கென்று அரசு விசாரணையாளர்கள் மூவர் இருந்தார்கள், அவர்கள் குடியரசின் ஆட்கள். தங்கள் மண்ணில் போப்பின் கை நீளாமல் பார்த்துக்கொள்வதில் வெனிஸ்காரர்களுக்குப் பெரிய அக்கறை உண்டு. அந்த மூவர்தான் 1755 ஜூலையில், மதத்தை இழிவுபடுத்தினார் என்று காசனோவாவைப் பிடித்து, டோஜ் மாளிகையின் கூரைக்குக் கீழே ஈயத் தகடுகளால் மூடப்பட்டிருந்த சிறையில் அடைத்தார்கள். ஐந்து ஆண்டுத் தண்டனை. எத்தனை ஆண்டு என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. 1756 நவம்பர் 1 விடியற்காலையில், ஒரு பாதிரியாரோடு சேர்ந்து கூரையைத் துளைத்து வெளியேறினார். ஐரோப்பா முழுக்க அவரைப் பேச வைத்தது முதலில் அந்தத் தப்பித்தல்தான். காதல்கள் பரவலாகத் தெரிய வந்தது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, தன்வரலாறு அச்சான பிறகு. படம் அந்தச் சிறைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வகுப்பில் அந்தத் தப்பித்தலைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். அந்த அனுபவம் உள்ள எனக்கு இது உண்மையிலேயே பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஆனாலும் ‘வரலாற்றைக் கொன்றுவிட்டார்கள்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். காரணம் இருக்கிறது. இந்தப் படம் வாழ்க்கை வரலாறாக எடுக்கப்படவில்லை. வெனிஸுக்கே உரிய ஒரு நாடக வகையில் எடுக்கப்பட்டது. தெருவில் முகமூடி போட்டு ஆடிய பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகத்தில் கஞ்சக் கிழவன், தந்திர வேலைக்காரன், வாய்ச்சவடால் வீரன், காதலர்கள் என்று நிலையான வேடங்கள் உண்டு. ஆள் மாறாட்டம்தான் அதன் உயிர். காசனோவா காலத்தில் அதைப் புதுப்பித்து எழுதியவர் கார்லோ கோல்டோனி. அவரும் வெனிஸ்காரர். 1750-ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 புதிய நாடகம் தருகிறேன் என்று சவால் விட்டு, தந்தும் காட்டியவர். காசனோவாவின் தாய் ஜானெட்டாவுக்காகவே கோல்டோனி ஒரு சிறு நாடகம் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனாக நடிப்பது, பெண் ஆண் உடையில் வருவது, வேலைக்காரன் எஜமானனைக் காப்பாற்றுவது, கடைசியில் எல்லாருக்கும் ஜோடி சேர்வது எல்லாம் அந்த மேடையிலிருந்து வந்தவை. முடிவில் அம்மாவின் நாடகக் குழு வந்து சேர்வதுகூடத் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். இது என் வாசிப்பு. படம் எடுத்தவர்கள் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை.

பாராட்டிய சீட்டுகள் பெரும்பாலும் இதைத்தான், இந்தப் பெயர்கள் தெரியாமலே, சொல்லியிருந்தன. ஒரு மாணவி ‘பள்ளி ஆண்டு விழா நாடகம் பார்த்த மாதிரி மனசு லேசாக இருந்தது’ என்று எழுதியிருந்தாள். அதை நான் குறையாகப் படிக்கவில்லை. இன்னொருத்தி ‘கொழுப்பு வியாபாரிக்கும் பிரான்செஸ்காவின் அம்மாவுக்கும் தனிப் படம் எடுக்கலாம்’ என்றாள். அந்த வேடங்களில் ஆலிவர் பிளாட்டையும் லீனா ஓலினையும் பார்த்த யாரும் அதை மறுக்கமாட்டார்கள். பருத்த உடம்பும் வெகுளி மனதுமாக வரும் அந்த வியாபாரியை முதலில் கேலிப் பொருளாகத்தான் நிறுத்துகிறார்கள். பிறகு ஒரு நடுவயதுப் பெண் அவனை உள்ளபடியே பார்க்கும்போது, படம் முழுவதிலும் மெய்யான காதல் அங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றிவிடுகிறது. ஜெரமி அயர்ன்ஸின் ஆயர், ஒமித் ஜலிலியின் வேலைக்காரன், ஜியோவானியாக வரும், பின்னாளில் புகழ்பெற்ற சார்லி காக்ஸ், விக்டோரியாவாக முதல் படத்திலேயே கண்ணை இழுத்த நடாலி டார்மர் என்று சுற்றிலும் இருப்பவர்கள் படத்தைத் தோளில் சுமக்கிறார்கள்.

ஊரும் சுமக்கிறது. படத்தை வெனிஸிலேயே எடுத்தார்கள். கார் ஓடாத ஊர் என்பதால் கொஞ்சம் கவனமாக இருந்தால் 1753-ஐ அங்கே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பக்கத்து ஊரான விசென்சாவில் பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1585-இல் திறக்கப்பட்ட ஒலிம்பிகோ அரங்கமும் படத்தில் வருகிறது. செட் போட்டு அந்த மரத்தின் நிறத்தைக் கொண்டுவர முடியாது. பின்னணியில் விவால்டி காலத்து இசை. நான் வெனிஸ் பற்றிப் பாடம் நடத்திய ஆண்டுகளில் கார்னிவல் என்றால் என்ன என்று விளக்கத் தடுமாறுவேன். மாதக்கணக்கில் நீளும் அந்தத் திருவிழாவில் பிரபுவும் வேலைக்காரனும் ஒரே வெள்ளை முகமூடி, ஒரே கறுப்பு அங்கியில் நடந்துபோவார்கள், யார் யாரென்று தெரியாது. இந்தப் படத்தின் பத்து நிமிடத்தைக் காட்டினால் போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அப்படியானால் திட்டியவர்கள் எங்கே சரி? என் கையில் இருக்கும் சீட்டுகளில் மிகக் கூர்மையானது இது: ‘இவன் யாரை மயக்கினான்? எல்லோரும் தாங்களாகவே வந்து விழுகிறார்கள்.’ இந்த ஒரு வரியில் படத்தின் உண்மையான குறை இருக்கிறது. பலூன் இல்லை, ஆயர் இல்லை, இதுதான் குறை. காசனோவா எப்படி மயக்கினார் என்பது தன்வரலாற்றில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர் அழகை நம்பிப் போனவர் இல்லை, பேச்சை நம்பிப் போனவர். கேட்பார், நினைவில் வைத்துக்கொள்வார், சிரிக்க வைப்பார், ஒரு பெண்ணின் கோபம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார், அதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். படமோ அவனுடைய புகழை வசனத்தில் சொல்லிவிட்டு, கதை சூடு பிடிக்கும் முன்பே அவனை ஒரே பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தவனாக மாற்றிவிடுகிறது. பெயர் காசனோவா, நடந்துகொள்வது முதல் காதலில் விழுந்த நல்ல பையன். அந்தப் பெயரை நம்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம் வராமல் என்ன செய்யும்?

லெட்ஜர் மீதான புகார்கள் பாதி இதிலிருந்து வருகின்றன. ‘தூங்கி எழுந்தவர் மாதிரி நடிக்கிறார்’ என்று ஒரு சீட்டு. அதே 2005-இல்தான் லெட்ஜர் நடித்த, ஆங் லீ இயக்கிய ‘புரோக்பேக் மவுண்டன்’ வெளியானது. அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இரண்டு படங்களும் திரையிடப்பட்டன, விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் ‘புரோக்பேக் மவுண்டன்’ படத்துக்குக் கிடைத்தது. ஒருபக்கம் சொல்ல முடியாத காதலை வாய்க்குள் கடித்து வைத்திருக்கும் மாடு மேய்ப்பவன், இன்னொருபக்கம் இந்த விளையாட்டுக்காரன். முன்னதைப் பார்த்தவர்கள் இதை மதிக்கவே மறுத்தார்கள். எனக்கு லெட்ஜரை இதில் பிடிக்கும். சண்டையிலும் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் இடங்களிலும் உடம்பால் நல்ல நகைச்சுவை செய்கிறார். பிரான்செஸ்காவோடு தனியாக இருக்கும் இடங்களில்தான் தீ பற்றவில்லை. அதில் பிரான்செஸ்காவாக நடித்த சியென்னா மில்லருக்கும் பங்கு உண்டு, எழுத்துக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பிரான்செஸ்காவைப் பற்றியும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ‘1753-இல் இப்படி ஒரு பெண் எங்கே இருந்தாள்’ என்றார்கள் சிலர். இருந்தாள். வெனிஸ் குடியரசின் பல்கலைக்கழகமான பதுவாவில் 1678-இலேயே எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா என்ற வெனிஸ் பெண் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கதவை மூடிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே படித்த, கோபமுள்ள, ஆண் பெயரில் எழுதும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்தது தப்பில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது: அவள் பேசுவது 18-ஆம் நூற்றாண்டுக் குரலில் இல்லை, இன்றைய மேடைப் பேச்சுக் குரலில் இருக்கிறது. என் மாணவிகள் அந்த வசனங்களுக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் வரலாற்று ஆசிரியையாக எனக்கு உறுத்தியது.

இன்னொரு வகைக் கருத்தை நான் லேசாகத் தாண்டிப் போக விரும்பவில்லை. ‘இவ்வளவு பேரை ஏமாற்றியவனை நல்லவனாகக் காட்டலாமா’ என்று சில மாணவிகள் எழுதியிருந்தார்கள். அவர்கள் தன்வரலாற்றைப் படிக்காமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்கள். அந்தப் பக்கங்களில் இனிமையான காதல்கள் உண்டு. இன்றைய சட்டத்திலும் மனசாட்சியிலும் குற்றம் என்றே சொல்ல வேண்டிய நிகழ்ச்சிகளும், மிக இளம் வயதுப் பெண்கள் சம்பந்தப்பட்டவையும், உண்டு. அவரே தயக்கமில்லாமல் எழுதுகிறார். படம் அதையெல்லாம் கழுவித் துடைத்து ஒரு செல்லப் போக்கிரியை வைக்கிறது. நகைச்சுவை நாடகத்துக்கு அது தேவை என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கேள்வி கேட்டவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அமெரிக்காவில் படம் பணமும் சம்பாதிக்கவில்லை. அதை வைத்து தரத்தை அளக்க வேண்டாம். உடுத்து அலங்கரித்த பழங்காலக் காதல் என்று நினைத்து வந்தவர்களுக்கு இது கூத்தாக இருந்தது, கூத்தை விரும்புபவர்கள் பெயரைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது என் ஊகம், வெறும் ஊகம்.

உங்களுக்கு இந்த மனிதர் மேல் ஆர்வம் வந்திருந்தால் இரண்டு விஷயம் சொல்கிறேன். அதே 2005-இல் பிபிசி எடுத்த தொடரில் டேவிட் டென்னன்ட் இளைய காசனோவா, பீட்டர் ஓ’டூல் முதிய காசனோவா. வேகமும் துள்ளலும் இதிலும் உண்டு. கூடவே, நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவரின் வலியும் உண்டு. ‘மயக்கம் எங்கே’ என்று கேட்டவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி 1976-இல் டொனால்ட் சதர்லண்டை வைத்து எடுத்தது முற்றிலும் வேறு: காசனோவாவை உள்ளே ஒன்றுமில்லாத இயந்திரமாகவே பார்க்கும் குளிர்ந்த படம். பெரிய கலைஞரின் வேலை, ஆனால் சிரிப்பதற்காக அதைப் போடாதீர்கள்.

அடுத்தது, தன்வரலாற்றில் ஹென்றியெட் வரும் பகுதி. 1749-இல் சந்தித்த பிரெஞ்சுப் பெண். முதலில் ஆண் ராணுவ உடையில் இருந்தாள் என்கிறார். ஒரு விருந்தில் எழுந்து போய் செல்லோ வாசித்தாள். இவர் தோட்டத்துக்குப் போய் அழுதார். சில மாதங்களில் அவள் பிரிந்து போக வேண்டி வந்தது. ஜெனீவா விடுதியின் ஜன்னல் கண்ணாடியில், இவர் கொடுத்த மோதிரத்தின் வைரத்தால், ‘ஹென்றியெட்டையும் மறந்துவிடுவாய்’ என்று கீறிவிட்டுப் போனாள். பல ஆண்டு கழித்து அதே அறையில் தங்க நேர்ந்தபோது அந்த எழுத்து அப்படியே இருந்தது என்று எழுதுகிறார். அறிவில் தனக்குச் சமமான, ஆண் உடையில் வந்த, ஒருத்தியிடம் தோற்றுப்போன காசனோவா கற்பனையான ஆள் இல்லை. படம் பிரான்செஸ்காவை எங்கிருந்து எடுத்ததோ தெரியாது. நான் அவளைப் பார்க்கும்போது ஹென்றியெட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மகள் விஷயம். அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ தரச் சான்றிதழ். அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். இரட்டை அர்த்தப் பேச்சும், படுக்கையறையிலிருந்து ஓடும் காட்சிகளும்தான் காரணம். தொடக்கத்திலேயே கன்னி மடத்தில் ஒரு துரத்தல் வருகிறது. பத்தாவது படிக்கும் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். கல்லூரிக்குப் போன பிறகு காட்டுங்கள். அதுவரை, அந்தச் சிறையிலிருந்து தப்பித்த கதையை மட்டும் நீங்கள் வாயால் சொல்லுங்கள். கூரையில் நிலா வெளிச்சம் மறையும் வரை அவர்கள் காத்திருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால், அடுத்து என்ன என்று அவளே கேட்பாள்.